லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு 500 ஜிபி: எந்த வழி, எவ்வளவு நேரம்?

பத்துப் படங்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற யாரும் யோசிப்பதில்லை. மெயிலில் அனுப்பலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். பழைய லேப்டாப் நிரம்பிவிட்டது, புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கியாகிவிட்டது, இத்தனை வருடப் போட்டோக்களையும் கல்யாண வீடியோக்களையும் வேலைக் கோப்புகளையும் அதற்கு மாற்ற வேண்டும் என்று உட்காரும்போதுதான் திண்டாட்டம் தொடங்குகிறது. மொத்தம் 500 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். இதே 500 ஜிபி ஒரு வழியில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். இன்னொரு வழியில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், அந்த இரண்டாவது வழிக்கு ஒரு சாதாரண கேபிளைத் தவிர வேறு செலவு இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவு பைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே பெட்டியில் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், என்று போட்டிருந்தால் நொடிக்கு 100 எம்பி போகும் என்று நினைத்துவிடக் கூடாது. எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. கோப்போடு சேர்ந்து பயணிக்கும் முகவரி, கட்டுப்பாட்டுத் தகவல் எல்லாம் போக 11 அல்லது 12 எம்பிதான் நமக்குக் கிடைக்கும். அதே கணக்கில் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்) என்பது 125 எம்பி, நடைமுறையில் 110 எம்பி சொச்சம். எங்கே வேகத்தைப் பற்றிப் படித்தாலும் எட்டால் வகுத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்து, ஒரு கோப்பு எந்தப் பாதையில் போகிறது என்று பார்ப்போம். லேப்டாப்பின் டிஸ்க்கிலிருந்து படிக்கப்படுகிறது, ஒரு போர்ட் வழியாக வெளியே வருகிறது, கேபிளிலோ காற்றிலோ பயணிக்கிறது, டெஸ்க்டாப்பின் போர்ட்டுக்குள் நுழைகிறது, அங்கே இன்னொரு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. இந்த ஐந்தில் எது மெதுவோ, மொத்த வேகமும் அதுதான். மற்ற நான்கும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது பெரிய கோப்புகளை நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி வேகத்தில்தான் படிக்கும். எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் போகும். ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்புக்காக தண்டர்போல்ட் என்ற அதிவேக வகையில் 40 ஜிபிபிஎஸ் கேபிள் வாங்கினாலும் அந்த 100 எம்பிதான் கிடைக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். விண்டோஸில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடது பக்கம் டிஸ்க், ஈதர்நெட் (லேன் கேபிள் வழியான இணைப்பு), வைஃபை எல்லாம் வரிசையாக இருக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் தாமதம் டிஸ்க்கில். டிஸ்க் பாதி சும்மா இருக்க, ஈதர்நெட் கோடு 940 எம்பிபிஎஸ் பக்கத்தில் சமமாக ஓடினால் கேபிள் தன்னால் முடிந்ததை முழுதாகச் செய்கிறது என்று பொருள். இரண்டு கணினியிலும் பார்க்க வேண்டும். மெதுவான ஆள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இணையம் வழியாக அனுப்பினால் என்ன?

பலருக்கும் முதலில் தோன்றுவது கூகுள் டிரைவ். அதில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. சரி, பணம் கட்டி இடம் வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 6 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதல். 500 ஜிபி மேலே ஏற 22 மணி நேரம். அப்புறம் அதே டேட்டா டெஸ்க்டாப்புக்குக் கீழே இறங்க வேண்டும். ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்காகத் தொலைதூரத்து சர்வர் வரை போய் வருவதில் அர்த்தமே இல்லை.

டேட்டா பெருகப் பெருக இணையத்தைவிடக் கையில் எடுத்துப் போவதுதான் வேகம் என்பது பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் பொருந்தும். 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படம் நினைவிருக்கும். அதற்காக 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகள் சேகரித்த தகவல் சுமார் 5 பெட்டாபைட், அதாவது 50 லட்சம் ஜிபி. அதை யாரும் இணையத்தில் அனுப்பவில்லை. ஹார்ட் டிஸ்க்குகளில் பதிந்து, விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவில் எம்ஐடியின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியில் பான் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் கொண்டு போனார்கள். தென் துருவத்தில் குளிர்காலத்தில் விமானம் இறங்க முடியாது என்பதால் அங்கிருந்த டிஸ்க்குகள் வந்துசேர அந்த வருடம் டிசம்பர் ஆகிவிட்டது. அப்படிக் காத்திருந்தும் அதுதான் லாபம். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் 5 பெட்டாபைட்டை அனுப்ப, இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் 15 மாதம் பிடிக்கும்.

யுஎஸ்பி கேபிளால் நேராக இணைத்தால்?

இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். போனைக் கணினியில் செருகினால் உடனே தெரிகிறதே, அதேபோல் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் இரு முனையும் ஒரே மாதிரி தட்டையாக இருக்கும் யுஎஸ்பி கேபிளால் இணைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் யுஎஸ்பியில் ஒரு பக்கம் எஜமான், மறு பக்கம் அதற்குக் கட்டுப்பட்ட சாதனம். போனும் பென் டிரைவும் சாதனம், கணினி எப்போதும் எஜமான். இரண்டு எஜமான்களை இணைத்தால் பேச்சுவார்த்தையே நடக்காது. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் 5 வோல்ட் மின்சாரத்தை வெளியே தள்ளும், போர்ட் பாழாக வாய்ப்பு உண்டு. இதற்கென்றே நடுவில் ஒரு சிப் வைத்த டிரான்ஸ்ஃபர் கேபிள் தனியாக விற்கிறது. அதை வாங்கும் காசுக்கு நல்ல லேன் கேபிளே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. தண்டர்போல்ட் போர்ட் உள்ள இரண்டு கணினிகளுக்கு இந்தத் தடை கிடையாது, அவற்றை நேரடியாக இணைத்து நெட்வொர்க் மாதிரி பயன்படுத்தலாம். இரண்டு மேக் வைத்திருப்பவர்களுக்கு அது அருமையான வழி.

வைஃபை

இரண்டு கணினியும் வீட்டின் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றின் ஃபோல்டரை மற்றொன்றிலிருந்து திறந்து காப்பி செய்யலாம். இப்படிச் செய்யும்போது இணையத் திட்டத்தின் டேட்டா ஒரு துளியும் செலவாகாது. கோப்பு ரவுட்டர் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது, வெளியே போவதில்லை. நெட் கட்டாகியிருந்தாலும் இது வேலை செய்யும். லோக்கல்சென்ட் மாதிரி இலவச மென்பொருளை இரண்டிலும் போட்டுக்கொண்டால் ஷேரிங் அமைப்புகளைத் தொடவே வேண்டாம்.

சில ஜிபிக்கு இது வசதி. 500 ஜிபிக்குச் சரிவராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 5 எம்பி கிடைத்தால் 28 மணி நேரம் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் 40 எம்பி வந்தால் மூன்றரை மணி நேரம். இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒருமுறை என்று அதே காற்றில் இரண்டு தடவை போகிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. டெஸ்க்டாப்பை மட்டுமாவது கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஒரே ஒரு லேன் கேபிள்

ஒருமுறை மட்டும் செய்யும் பெரிய மாற்றத்துக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஈதர்நெட் போர்ட் இருந்தால் ஒரு லேன் கேபிளை இரண்டுக்கும் நடுவே நேராகச் செருகுங்கள். ரவுட்டர், சுவிட்ச் எதுவும் வேண்டாம். முன்பெல்லாம் இப்படி நேராக இணைக்க உள்ளே கம்பிகளை மாற்றிப் போட்ட கிராஸ் கேபிள் தேவைப்பட்டது. கிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்று தாங்களே பேசி முடிவு செய்துகொள்வதால் இப்போது எந்தக் கேபிளும் போதும். மெல்லிய லேப்டாப்பில் ஈதர்நெட் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி 3 வகை ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேபிளைச் செருகியதும் காப்பியைத் தொடங்காமல், செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து லிங்க் ஸ்பீட் என்ற வரியைப் பாருங்கள். 1000/1000 என்று இருந்தால் எல்லாம் நலம். 500 ஜிபி ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். 100/100 என்று இருந்தால் அதே வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். காரணம் அநேகமாகக் கேபிளில்தான் இருக்கும். லேன் கேபிளின் கண்ணாடி போன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டுக் கம்பிகள் தெரியும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு வழக்கமாக ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்கிறதே, கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 என்று உறையில் அச்சிட்ட எதுவும் சரிதான். நேரடி இணைப்பு இல்லாமல் ரவுட்டர் வழியாக இணைத்திருந்தால் அந்த ரவுட்டரையும் சந்தேகப்படலாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டுகளே 100 எம்பிபிஎஸ் வகைதான்.

அப்புறம் முகவரி. நெட்வொர்க்கில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. வீட்டில் ரவுட்டர்தான் அதை ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கிறது. நேரடி இணைப்பில் கொடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே சூட்டிக்கொள்ளும். அதை வைத்தே வேலை நடக்கும் என்றாலும், கையால் கொடுத்துவிட்டால் குழப்பம் இருக்காது. ஈதர்நெட்டின் ஐபி அமைப்பில் மேனுவல் என்று மாற்றி, லேப்டாப்புக்கு 192.168.10.1, டெஸ்க்டாப்புக்கு 192.168.10.2, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். வீட்டு ரவுட்டர் இதே 192.168.10 வரிசையைப் பயன்படுத்தினால் மட்டும் 10க்குப் பதில் வேறு எண். கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விட்டுவிடலாம்.

இப்போது லேப்டாப்பில் அனுப்ப வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய் பகிருங்கள். டெஸ்க்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.10.1 என்று அடித்து என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்க வேண்டும். திறக்கவில்லையா? இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, இப்படி நேராக இணைத்த நெட்வொர்க்கை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் பிரிவில் வைத்துவிடும். அந்தப் பிரிவில் ஃபயர்வால் ஷேரிங்கைத் தடுக்கும். இரண்டிலும் பிரைவேட் என்று மாற்ற வேண்டும். இன்னொன்று பாஸ்வேர்ட். தினமும் லேப்டாப்பைத் திறக்க அடிக்கிறீர்களே நான்கு இலக்கப் பின், அது இங்கே செல்லாது. அது அந்த ஒரு கணினிக்குள் மட்டும் வேலை செய்வது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். அது மறந்துபோயிருந்தால் லேப்டாப்பில் பாஸ்வேர்டோடு புதிய லோக்கல் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு அந்த ஃபோல்டரைப் பகிர்ந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கணக்கை அழித்துவிடலாம்.

தொடங்கும் முன் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகி, இரண்டிலும் ஸ்லீப் போகும் நேரத்தை நெவர் என்று மாற்றிவிடுங்கள். பாதியில் தூங்கிப்போன கணினிதான் பாதி காப்பிகளைக் கெடுக்கிறது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்

அடிக்கடி இப்படி மாற்ற வேண்டியிருக்கிறது, அல்லது இரண்டு கணினியும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன என்றால் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி நல்லது. இதில் எல்லாம் இரண்டு தடவை போக வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து டிஸ்க்குக்கு ஒருமுறை, டிஸ்க்கிலிருந்து டெஸ்க்டாப்புக்கு ஒருமுறை. நொடிக்கு 400 எம்பி கிடைத்தால் ஒரு பக்கம் 21 நிமிடம், மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். சுழலும் வகை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றால் மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம் போல ஆகும்.

போர்ட்டைக் கவனிக்க வேண்டும். 2000இல் வந்த யுஎஸ்பி 2.0 480 எம்பிபிஎஸ், கைக்கு வருவது 35 எம்பி போல. 2008இல் வந்த யுஎஸ்பி 3.0 5 ஜிபிபிஎஸ். பல கணினிகளில் 3.0 போர்ட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நீல நிறத்தில் இருக்கும். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான், வேகத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்கள் பல உள்ளே யுஎஸ்பி 2.0 தான். டிஸ்க்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

பென் டிரைவ் இந்த வேலைக்கு ஆகாது. 100 எம்பி வேகத்தில் தொடங்கி அரை நிமிடத்தில் 10 எம்பிக்கு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் தெரிந்தது கணினி தன் நினைவகத்துக்குள் வாங்கிவைத்துக்கொண்ட வேகம், பின்னால் தெரிவதுதான் பென் டிரைவ் உண்மையில் எழுதும் வேகம். விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் உள்ளே வேகமாக எழுதும் ஒரு சிறு பகுதி இருக்கும், அது நிரம்பியதும் இதே மாதிரி சரியும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

டிஸ்க் காலியாக இருக்கிறது, ஆனால் 6 ஜிபி வீடியோவைப் போட்டால் கோப்பு மிகப் பெரியது என்று மறுக்கிறதா? அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீரும், விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். ஃபார்மட் செய்தால் அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வேகம் திடீரென்று படுத்துவிடுவது ஏன்?

வீடியோக்கள் போகும்போது 110 எம்பி காட்டிய அதே இணைப்பு, போட்டோ ஃபோல்டருக்கு வந்ததும் 20 எம்பியாகிறது, ஏதோ மென்பொருளின் ஃபோல்டருக்கு வந்ததும் 1 எம்பிக்குக் கீழே போகிறது. கேபிளில் கோளாறு இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பக்கம் பெயர் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், தேதியும் அனுமதியும் எழுத வேண்டும், மூட வேண்டும், நடுவில் ஆன்ட்டிவைரஸ் ஒருமுறை திறந்து பார்க்கும். 5 ஜிபி வீடியோ ஒன்றுக்கு இதெல்லாம் ஒரே ஒரு தடவை. அதே 5 ஜிபி இரண்டு லட்சம் குட்டிக் கோப்புகளாக இருந்தால் இரண்டு லட்சம் தடவை. வீடு மாறும்போது டம்ளரையும் கரண்டியையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு லாரிக்கும் வீட்டுக்கும் நடப்பதைப் போன்றது இது. பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டால் ஒரே நடை.

ஆகவே குட்டிக் கோப்புகள் நிறைந்த ஃபோல்டர்களை மட்டும் ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். செவன்-ஜிப்பில் சுருக்கும் அளவைக் கேட்கும் இடத்தில் ஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுருக்க முயலாமல் அப்படியே கட்டும், நேரம் மிச்சம். போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றை மேலும் சுருக்கப் பார்ப்பது வீண். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன ஜிப்பை முதலில் கட்டிப் பிரித்துப் பாருங்கள். பழைய ஜிப் மென்பொருள்கள் சில தமிழ்ப் பெயர்களைப் புரியாத குறிகளாக மாற்றிவிடும்.

கட் செய்யாதீர்கள்

எந்த வழியில் போனாலும் காப்பி மட்டும் செய்யுங்கள். கட் செய்து பேஸ்ட் செய்வது இவ்வளவு பெரிய டேட்டாவுக்கு ஆபத்து. பாதியில் மின்சாரம் போனால் எது இங்கே, எது அங்கே என்று தேட வேண்டிவரும்.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை இதற்கு மிகவும் உதவும். பாதியில் நின்றால் அதே கட்டளையை மறுபடி ஓட்டலாம், ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். மேக், லினக்ஸ்காரர்களுக்கு 1996இலிருந்து இருக்கும் ஆர்சிங்க். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயக்கமாக இருந்தால் டெராகாப்பி போன்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், முடிந்த பிறகு சரிபார்க்கும் வசதியும் அதில் உண்டு.

சரிபார்ப்பது என்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் அதே ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் சைஸ் என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இருக்கும் சைஸ் ஆன் டிஸ்க் வேறுபடலாம், டிஸ்க் இடத்தைப் பிரித்துவைக்கும் முறையைப் பொறுத்தது அது, கவலை வேண்டாம். மிக முக்கியமான கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீடு இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டை அது உருவாக்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு மொத்தமாக மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிரதி அச்சு அசலானது.

லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் கோப்புகளின் பக்கத்தில் சிறிய மேகக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோப்பு லேப்டாப்பில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காப்பி செய்யப் போனால் ஒவ்வொன்றும் இணையத்திலிருந்து இறங்கி வரும், உங்கள் வேகக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். புது டெஸ்க்டாப்பில் ஒன்டிரைவில் நுழைந்தாலே அவை வந்துவிடும், ஆகையால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் இயங்கவே மறுக்கிறது என்றால் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி என்க்ளோஷர் (டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்க உதவும் உறை) ஒன்றில் பொருத்தி டெஸ்க்டாப்பில் செருகலாம். பல விண்டோஸ் 11 லேப்டாப்புகள் டிஸ்க்கைத் தாமாகவே என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, வைத்திருக்கும். அப்போது 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் எதுவும் திறக்காது. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி எழுதிவைத்துக்கொள்வது நல்லது. சில மெல்லிய லேப்டாப்புகளில் டிஸ்க் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையோடு பற்றவைத்திருக்கும், அவற்றில் இந்த வழி கிடையாது.

லேப்டாப்பை விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள், விட்டுப்போன ஃபோல்டர் எதுவென்று அதற்குள் தெரிந்துவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள், அவுட்லுக்கின் மெயில் கோப்பு போன்றவை கண்ணில் படாத ஃபோல்டர்களில் இருப்பதால் அதிகம் விட்டுப்போவது அவைதான். அதன் பிறகு ரீசெட் செய்யும்போது, கோப்புகளை நீக்குவதோடு டிரைவையும் சுத்தம் செய்யச் சொல்லும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும் என்றாலும், வாங்குபவர் உங்கள் குடும்பப் படங்களை மீட்டெடுக்க முடியாமல் இருக்க அதுதான் வேண்டும்.